அளக்காத பதினான்கு புள்ளிகள்

வெர்லீன் பாய்கின்ஸ் எழுதிக் கொடுத்த எண்ணை யாரும் இன்னொரு தடவை அளந்து பார்ப்பதில்லை. பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். வர்ஜீனியாவில் எலிசபெத் ஆற்றங்கரையில் கப்பல் பழுதுபார்க்கிறவர்கள் மத்தியில் அவள் சம்பாதித்த பெயர் அது.

ஆள் ஒல்லி. ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் கூட. இருபத்தேழு வயது வரை ஸ்மித்ஃபீல்டில் பன்றித்தொடைக்கு உப்புத் தேய்க்கிற ஆலையில் நின்றாள். கையெல்லாம் வெடித்துப்போய் அந்த வேலையை விட்ட வாரத்தில், கப்பல் வேலைக்கு ஆள் பிடிக்க ஒரு மேஸ்திரி வந்தார். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “படிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இந்த ஓட்டைக்குள்ள போக முடியுமா, அதை மட்டும் சொல்லு” என்று தரையில் கிடந்த நீள்வட்ட இரும்பு வளையத்தைக் காட்டினார். வெர்லீன் ஒரு தோளைச் சாய்த்து நுழைந்து அந்தப் பக்கம் எழுந்து நின்றாள். அன்றைக்கே வேலை கிடைத்தது.

கப்பல் நிமிர்ந்து நிற்பதற்காக அடிவயிற்றில் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள் உண்டு. தண்ணீரை வடித்துவிட்டு அதற்குள் ஊர்ந்து போக வேண்டும். உள்ளங்கையளவு கருவியின் முனையைத் தகட்டில் வைத்தால் ஒரு சத்தம் இரும்புக்குள் போய்த் திரும்பும். அது திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்துத் தகட்டின் தடிமனைக் கருவி சொல்லும். பன்னிரண்டு மில்லிமீட்டராகப் பிறந்த தகடு இப்போது எத்தனை, உப்பு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். வெர்லீனுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. யாரும் பார்க்காத இடத்தில் போய் யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டு வருவதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் சஃபோக்கில் ஒரு நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. கடற்படைக் கப்பல்களுக்குக் கணினிக்குள் இரட்டைப் பிறவி செய்கிற நிறுவனம். ஒவ்வொரு விலா, தகடு, பம்பு, குழாய் எல்லாம் திரையில் இருக்கும். உண்மைக் கப்பலில் பொருத்திய உணரிகள் சூட்டையும் அதிர்வையும் இழுவையையும் தினமும் அனுப்ப, திரையில் இருப்பதும் அதே அளவுக்குக் கிழடாகும். அதன்மேல் போர் நடத்துவார்கள். ஏவுகணை இங்கே விழுந்தால் எத்தனை நிமிஷம் மிதக்கும், கண்ணிவெடி அங்கே வெடித்தால் எந்தக் கதவை மூட வேண்டும் என்றெல்லாம் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆஷ்பி ரிட்ஜ் என்ற, படைகளைக் கரையிறக்கும் பழைய கப்பலை மட்டும் அறுபது தடவைக்கு மேல் அப்படி மூழ்கடித்திருந்தார்கள். துறைமுகத்து ஆட்கள் அந்த இரட்டையைத் ‘தண்ணி படாதவ’ என்பார்கள்.

தகட்டின் தடிமனை மட்டும் உணரி சொல்லாது. அதற்கு ஆள் ஊர்ந்து போக வேண்டும். அதற்குத்தான் வெர்லீன்.

சேர்ந்த புதிதில் மரிஸல் டிமாயுகா அவளைத் திரை முன்னால் உட்கார வைத்தாள். முப்பத்துநான்கு வயது, வர்ஜீனியா பீச்சில் வளர்ந்த ஃபிலிப்பினோப் பெண், இரட்டையைக் கட்டிய பொறியாளர்களுக்குத் தலைவி. கப்பலைத் திருப்பி, வயிற்றைத் திறந்து, ஒரு தொட்டிக்குள் இறக்கிக் காட்டினாள். தகடு முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் வெ.பா. என்ற எழுத்து.

“இதெல்லாம் நீங்கதான், மிஸ் வெர்லீன். நான் கட்டினது வெறும் கூடு. அது ஒடையுமா ஒடையாதான்னு சொல்றது உங்க நம்பர்தான்.”

அதைக் கணவன் ஓட்டிஸிடம் சொல்லிச் சொல்லி அவள் ஒரு வாரம் சந்தோஷப்பட்டாள்.

*

நடந்தது மார்ச் மாதம். ஆஷ்பி ரிட்ஜின் இடதுபக்க ஐந்தாம் தொட்டி, எழுபத்தெட்டாம் விலாவிலிருந்து எண்பத்துநான்கு வரை. தொட்டி வாயில் கயிற்றையும் காற்றுமானியையும் பிடித்துக்கொண்டு நின்றவன் கர்டிஸ் ரிடிக். பெரிய உடம்பு, வாய் ஓயாதவன், பதினான்கு வருஷமாக அவளுக்குக் கூட்டாளி. அவனால் வாசலைத் தாண்ட முடியாது, அவளால்தான் முடியும்.

கடைசிப் பகுதி அடித்தகடும் பக்கத்தகடும் சேர்கிற மூலை. வலக்கையை முன்னால் நீட்டி, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் நுழைய முடியும். அவள் நுழைந்தாள். பாதுகாப்புக்குப் போட்டிருந்த முதுகு வாரின் இரும்பு வளையம் ஒரு தாங்கியில் மாட்டிக்கொண்டது. முன்னால் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. தலைவிளக்கு தகட்டில் அழுந்தி எதிரே ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் தெரிந்தது. ரேடியோ மார்புக்கடியில் அகப்பட்டுக்கொண்டது. விட்ட மூச்சு இரும்பில் பட்டுத் திரும்ப மூஞ்சியிலேயே அடித்தது.

பதினோரு நிமிஷம். அப்புறம் எப்படியோ வார் நழுவியது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். கர்டிஸ் தண்ணீர் கொடுத்தான்.

“எல்லாம் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

அவன் அவள் கையைப் பார்த்தான். தண்ணீர் பாதி சட்டையில் சிந்தியிருந்தது. மேற்கொண்டு கேட்காமல் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

மூலையில் பதினான்கு புள்ளிகள் பாக்கி. திரும்பிப் போக அவள் இரண்டு தடவை எழுந்தாள். இரண்டு தடவையும் கால் படியைத் தாண்டவில்லை. கருவி பழசு, எண்ணைக் காட்டும், சேர்த்து வைக்காது. கையடக்கத் திரையில் அவள்தான் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. மதியம் தன் காருக்குள் உட்கார்ந்து, பக்கத்துப் பகுதியில் அளந்த எண்களைப் பார்த்து 11.2, 11.1, 11.3, 11.0 என்று பதினான்கையும் நிரப்பினாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று தசமத்தை மாற்றி மாற்றிப் போட்டாள். அவளுக்குத் தெரிந்த வேலை. அதனால் அந்தப் பொய்யும் சுத்தமாக வந்தது.

அதற்கப்புறம் வீட்டில் அவள் குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை. ஓட்டிஸ் இழுபடகில் வேலை பார்க்கிறவன், அதிகம் பேச மாட்டான். ஒருநாள் மட்டும், “கதவு கீல் ஏதாச்சும் மக்கர் பண்ணுதா?” என்று கேட்டான். இல்லை என்றாள். தொட்டியைப் பற்றி அவனிடமும் சொல்லவில்லை.

*

செப்டம்பரில் புயல் வந்தது. ஹாம்ப்டன் ரோட்ஸ் துறைமுகத்தில் பெரும்புயல் வருகிறதென்றால் போர்க்கப்பல்கள் கரையில் நிற்காது. கட்டிய இடத்தில் நின்றால் அலை தூக்கித் துறைமேடையில் மோதும் என்பதால் முன்கூட்டியே நடுக்கடலுக்குப் போய்விடும். ஆறு கப்பல்கள் திங்கட்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் ஆறின் இரட்டைகளையும் அந்தப் புயலுக்குள் ஓட்டிப் பார்த்துச் சொல்வது மரிஸலின் வேலை. ஒன்பதரை மணிக்குக் கப்பல் தலைவர்களோடு தொலைபேசிக் கூட்டம்.

காலை ஆறரைக்கே வெர்லீனை வரச் சொல்லியிருந்தார்கள். தகட்டு எண்களைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும். மரிஸல் பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி நிறைய சூடான பான்டெசால் ரொட்டி கொண்டுவந்திருந்தாள்.

“சாப்பிடுங்க. இன்னிக்கி மதியச் சாப்பாடு கிடைக்காது.”

ஐந்து கப்பல்கள் எளிதாக முடிந்தன. கடைசியாக ஆஷ்பி ரிட்ஜ். ஏழு மீட்டர் அலை. திரையில் அலை கப்பலின் நடுவயிற்றைத் தூக்கியபோது முன்பின் இரண்டும் தொங்கின. தொங்கிய ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் ஆரஞ்சு நிறம் ஏறி இறங்கியது. மரிஸல் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். இடதுபக்க ஐந்தாம் தொட்டி. எழுபத்தொன்பதிலிருந்து எண்பத்துமூன்றாம் விலா. அடித்தகடும் பக்கத்தகடும் சேர்கிற மூலை.

வெர்லீன் கடித்த ரொட்டியை மேசையில் வைத்தாள்.

“தகடு தாங்கறதுல எண்பத்துநாலு சதம்தான் ஏறுது” என்றாள் மரிஸல். “பதினாறு கையிருப்பு. கெழவி கடலுக்குப் போலாம்.”

“அங்க தகடு இன்னும் கொஞ்சம் மெலிசா இருந்தா?”

“எவ்ளோ மெலிசா?”

“ஒம்பதுன்னு வச்சிக்கியேன்.”

மரிஸல் எண்ணை மாற்றி ஓட்டினாள். முதல் மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. நான்காவது மணியில் ஆரஞ்சு சிவப்பானது. ஓர் அலை வந்து தூக்கியதும் தகடு மடிந்தது. மடிந்த இடத்திலிருந்து ஒரு கீறல் மேலே ஏறியது.

“தொட்டி தொறந்துக்கும்” என்று மரிஸல் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “அதுக்கு அடுத்தாப்ல பம்பு அறை. அது போச்சுன்னா இஞ்சின் நிக்கும். அந்த அலையில இஞ்சின் நின்னா...” முடிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பினாள். “ஏன் மிஸ் வெர்லீன்? எதாச்சும் பாத்தீங்களா?”

“இல்ல. சும்மாதான் கேட்டேன்.”

கப்பலில் முந்நூற்றிருபது பேர்.

வெர்லீன் வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்று கர்டிஸைக் கூப்பிட்டாள். அவன் நார்ஃபோக் தளத்தில், வால்வு வேலைக்காக ஆஷ்பி ரிட்ஜிலேயேதான் இருந்தான்.

“கர்டிஸ், மார்ச்சுல அந்த அஞ்சாம் தொட்டி.”

“ம்.”

“கடைசிப் பதினாலு நான் எடுக்கல.”

“தெரியும்” என்றான்.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா நீ சொல்லிருப்ப. சொல்லிட்டா நானும் எங்கயாச்சும் சொல்லணும். எனக்கு இன்னும் ஒண்ணர வருஷம் இருக்கு பாய்கின்ஸ், ஓய்வுக்கு. முடிஞ்ச கதைய இப்ப எதுக்குக் கிண்டுற?”

“இன்னிக்கி அந்த நம்பர வச்சுதான் கப்பல அனுப்பப் போறாங்க.”

அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். “கேளு. அந்தத் தொட்டி காலியாத்தான் இருக்கு. வால்வு மாத்தறதுக்காக வெள்ளிக்கிழமையே வடிச்சிக் காத்து விட்டு வச்சிருக்காங்க. கருவிய எடுத்துட்டு வா. அர மணி நேரம். எடுத்துப் பாப்போம். பதினொண்ணா இருந்துச்சுன்னா யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்.”

“இல்லன்னா?”

“மொதல்ல வா.”

அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. உண்மையும் தெரிந்துவிடும், பெயரும் தப்பிக்கும். ஏழேகால் மணி. ஒன்பதரைக்கு முன் முடித்துவிடலாம். கருவிப் பெட்டியைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

போர்ட்ஸ்மத் வரை வந்துவிட்டாள். ஆற்றுக்கு அடியில் போகும் மிட்டவுன் சுரங்கப்பாதைக்கு ஒரு மைல் முன்னால் வண்டிகள் நின்றன. புயலுக்குப் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பினவர்கள், பலகை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள், கூரையில் மெத்தை கட்டிய கார்கள். எட்டரை ஆயிற்று. எட்டு ஐம்பதுக்குச் சுரங்க வாய் கண்ணில் பட்டது, ஆனால் ஒரு சக்கரமும் உருளவில்லை. முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டதாம். பக்கத்து வண்டிக்காரன் இறங்கி நின்று சிகரெட் பற்றவைத்தான்.

ஒன்பது மணிக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஒன்பதரைக்கு மரிஸல் பதினாறு சதம் கையிருப்பு என்று சொல்வாள், கப்பல் தலைவர் சரி என்பார். எல்லோரும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். அந்தக் கணக்குக்கு அடியில் அவள் காருக்குள் உட்கார்ந்து இட்டுக்கட்டிய பதினான்கு எண்கள் இருக்கும்.

இன்னொரு யோசனையும் வந்தது. தகடு நன்றாகவே இருக்கலாம். பக்கத்துப் பகுதி பதினொன்று என்றால் இதுவும் பதினொன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். ஆனால் மூலையில் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்தில்தான் உப்பு தின்னும் என்பது பத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் மார்ச்சிலிருந்து தூக்கம் சரியில்லை.

ஒன்பது பன்னிரண்டுக்கு மரிஸலைக் கூப்பிட்டாள்.

“எங்க போனீங்க, மிஸ் வெர்லீன்? இன்னும் கால் மணி நேரத்துல கூட்டம்.”

“மரிஸல், நான் சொல்றத முழுசாக் கேளு. ஆஷ்பி ரிட்ஜ் அஞ்சாம் தொட்டி, கடைசி மூலை. அந்த நம்பருங்க நான் அளந்தது இல்ல. நானா போட்டது.”

மரிஸல் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“எத்தன?”

“பதினாலு.”

“எந்த எந்த விலான்னு சொல்லுங்க.”

வெர்லீன் சொன்னாள். விசைப்பலகை தட்டும் சத்தம் வந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வெர்லீனுக்குத் தோன்றியது.

“நான் இதக் கூட்டத்துல சொல்லணும்” என்றாள் மரிஸல். “உங்க பேரச் சொல்லித்தான் சொல்லணும்.”

“சொல்லு.”

“வேற தொட்டி எதாச்சும்?”

“இல்ல. அது ஒண்ணுதான்.”

“இதையும் நான் எப்படி நம்பறது?” என்று கேட்டுவிட்டு மரிஸல் போனை வைத்துவிட்டாள்.

*

அவள் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். தொட்டி வாசலில் கப்பல் தலைவர் ஹோம்க்விஸ்ட் நின்றிருந்தார். உயரமான, வெளுத்த மனிதர். கை கொடுக்கவில்லை.

“மிஸ் பாய்கின்ஸ், ஏப்ரல்லேருந்து ரெண்டு தடவ நான் இந்தக் கப்பல அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுபோயிருக்கேன். நீங்க எழுதினத நம்பி.”

“ஆமா சார்.”

“ஒரு மணிக்குள்ள எனக்குப் பதில் வேணும். போறதா, நிக்கறதா. உங்களத் தவிர வேற ஆள அனுப்பலாம்னு பாத்தேன். ரெண்டு பேரு போய்ட்டுத் தோள் நுழையாம திரும்பிட்டாங்க.”

“நான் போறேன்.”

“போறது மட்டும் போதாது. தலையில கேமரா மாட்டிக்கணும். கருவியில தெரியற நம்பர எல்லாரும் பாக்கணும். நீங்க வாயால சொல்றது பத்தாது.”

அவள் தலையாட்டினாள். அந்த வார்த்தை அவளுக்கு எப்படி இருந்தது என்று அப்புறம் ஓட்டிஸிடம்கூட அவளால் சொல்ல முடியவில்லை.

கர்டிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் வாரை மாட்டிவிட்டான். பிறகு ஒரு ஒட்டுநாடாச் சுருளை எடுத்து, முதுகு வளையத்தைத் துணியோடு சேர்த்துத் தட்டையாக ஒட்டினான். மூன்று சுற்று.

“இப்ப மாட்டாது” என்றான். “உன்னால எனக்கு வந்த கேட்டுக்கு உன்ன உள்ளயே விட்டுட்டுப் போயிருக்கணும்.”

“போயேன்.”

“பேச்சக் கொற. எறங்கு.”

எழுபத்தெட்டாம் விலா வரை சிரமமில்லை. மூலைக்கு முன்னால் வந்ததும் உடம்பு நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, தானாக நின்றது. தாங்கி கண்ணுக்கெதிரே இருந்தது. அதன் விளிம்பில் மார்ச்சில் உரசிய இடத்தில் பெயிண்ட் போயிருந்தது.

ரேடியோவில் கர்டிஸ் வந்தான். “பாய்கின்ஸ். ஏன் நின்னுட்ட?”

அவள் தாங்கியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூச்ச வெளிய விடு. உள்ள இழுக்காத, வெளிய விடு. நெஞ்சு சின்னதாகும். அப்படியே நழுவு. நேத்து ராத்திரி நண்டு ஜாஸ்தி தின்னியா, அதான் உள்ள போகலயா?”

அவள் மூச்சை வெளியே விட்டாள். நழுவினாள். வளையம் தாங்கியை உரசிக்கொண்டு தாண்டியது.

முதல் புள்ளியைத் துடைத்தாள், சத்தம் தகட்டுக்குள் போவதற்கான பசையை வைத்தாள், முனையை அழுத்தினாள். கருவியைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

“ஒண்ணு. பத்து புள்ளி ஒம்பது.”

“வந்துச்சு” என்றது மரிஸலின் குரல், சஃபோக்கிலிருந்து. எண் வர வர அவள் இரட்டையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு. பத்து புள்ளி ஏழு. மூணு. பத்து புள்ளி மூணு.”

“வந்துச்சு.”

நான்காவது ஒன்பது புள்ளி எட்டு. ஆறாவது ஒன்பது புள்ளி ஒன்று. அதற்கப்புறம் பெயிண்ட் கொப்புளமாக இருந்தது. சுரண்டினாள். துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்து கன்னத்தில் விழுந்தது.

“ஒம்பது. எட்டு புள்ளி நாலு.”

இந்தத் தடவை ‘வந்துச்சு’ வர நேரமாயிற்று.

பதினோராவது புள்ளியில் கருவி எண்ணே காட்டவில்லை. இன்னும் சுரண்டினாள், பசையை மாற்றினாள், முனையைக் கொஞ்சம் திருப்பினாள். எண் வந்து, அழிந்து, திரும்ப வந்து நின்றது.

“பதினொண்ணு. ஏழு புள்ளி ஒம்பது.”

அவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை மாதம் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்ட ‘நல்லாத்தான் இருக்கும்’ முடிந்துபோனதில் ஏதோ ஒரு தெளிவு வந்தது. மீதி மூன்றையும் எடுத்தாள். அதற்கப்புறம் பன்னிரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தாள்.

கப்பல் தலைவர் கையில் போன் இருந்தது. எல்லோரும் கேட்கும்படி வைத்திருந்தார்.

“அஞ்சர மீட்டர் அலையிலயே செவப்பாகுது சார்” என்றாள் மரிஸல். “ஏழுல போகவே கூடாது.”

“அப்ப கரையில கட்டினா?”

“இப்ப இருக்கற எடத்துல வேணாம். புயல்ல ஏறற கடல் தண்ணி நேரா வந்து அடிக்கும். ஆத்துக்குள்ள, உள் மேடையில கட்டுங்க. ஓட்டிப் பாத்துட்டேன். கயித்த ரெட்டிப்பாப் போடணும். முன்பக்கம் நாலு கயிறு மொதல்ல அறும், அதுக்குப் பதிலா சங்கிலி. இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும்.”

“அது போதுமா?”

“போதும்னு இது சொல்லுது. இது கையில இருக்கற நம்பர வச்சுதான் சொல்லும் சார்.”

ஹோம்க்விஸ்ட் வெர்லீனை ஒருதரம் பார்த்தார். பிறகு திரும்பி இழுபடகுகளைக் கூப்பிடச் சொன்னார்.

*

புயல் புதன்கிழமை காலை வந்தது. ஓட்டிஸின் இழுபடகு ஆஷ்பி ரிட்ஜின் விலாவில் மூக்கை வைத்து ஒன்பது மணி நேரம் முட்டுக்கொடுத்து நின்றது. இரட்டை சொன்ன இடத்தில் சங்கிலிகள் தாங்கின. அது சொல்லாத இரண்டு கயிறுகள் பின்பக்கம் அறுந்து, ஒரு மாலுமியின் கை ஒடிந்தது. பின்புறம் மேடையில் இடித்து ஒரு நசுங்கல். அவ்வளவுதான்.

கடலுக்குப் போன ஐந்து கப்பல்களும் திரும்பி வந்தன. புயல் கொஞ்சம் விலகிப் போனதால் அலை ஏழு மீட்டர் எழவில்லை. ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில்தான். உடனே பேச்சு கிளம்பியது. “ஆஷ்பியும் போய்ட்டு வந்திருக்கும். அந்தப் பொம்பள சும்மா ஊரக் கூட்டிட்டா.” மரிஸல் உண்மையில் அடித்த அலைகளை வைத்து இரட்டையை நூறு தடவை ஓட்டினாள். அறுபத்தொரு தடவை பத்திரமாகத் திரும்பியது. அந்த எண்ணை வைத்து ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. வெர்லீனின் அளவு எடுக்கும் சான்றிதழை ரத்து செய்தார்கள், ஆயுளுக்கும். வேலை போயிற்று. கர்டிஸுக்கு எழுத்தில் எச்சரிக்கை, குழுத் தலைமைப் பொறுப்பும் கையைவிட்டுப் போனது. தெரிந்திருந்தது என்று அவனே ஒப்புக்கொண்டான். வெர்லீன் அவன் பெயரைச் சொல்லவில்லை. விசாரணை அறைக்கு வெளியே, “நான் பொய் சொன்னா நீ ஒத்தையா மாட்டுவ. உனக்காகச் சொல்லல, எனக்குத் தூக்கம் வரணும்” என்றான். அப்புறம் ஒன்றரை வருஷம் அவளோடு பேசவில்லை.

விசாரணை முடிந்த அன்றைக்குத்தான் அவள் ஓட்டிஸிடம் எல்லாம் சொன்னாள். பதினோரு நிமிஷத்தையும் சொன்னாள். “நீ மாட்டிக்கிட்டன்னு எங்கிட்ட சொல்லிருக்கலாம் வெர்லி. நம்பரப் பத்தி இல்ல. மாட்டிக்கிட்டத” என்றான்.

நவம்பரில் மரிஸல் கூப்பிட்டாள். அவள் குரலில் பழைய இணக்கம் இல்லை; ஆனால் தானாகக் கூப்பிட்டிருந்தாள்.

“படிவத்த மாத்திட்டோம். காலியா விடலாம். அளக்காத எடம் இரட்டையில சாம்பல் கலர்ல வரும். எவனும் சாம்பல அளந்த எடமா எடுத்துக்க முடியாது.”

“நல்லது.”

“அது மட்டும் இல்ல. ரெண்டு வாரம் டயம் குடுத்தோம். யாரு எத அளக்காமப் போட்டீங்களோ மாத்திக்குங்க, கேள்வி கேக்க மாட்டோம்னு.” காகிதம் புரளும் சத்தம். “நானூத்திப் பன்னெண்டு சாம்பல், மிஸ் வெர்லீன். ஒம்பது கப்பல்ல.”

தன் வேலையைப் பறித்த குற்றத்தை இத்தனை பேர் செய்திருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற கோபம்தான் வெர்லீனுக்கு முதலில் வந்தது. மூலைகளில் தனியாக மாட்டிக்கொண்ட அத்தனை பேரை நினைத்தது அதற்கப்புறம்தான்.

இப்போது அவள் பொகோசன் என்ற ஊரில், நண்டுப் படகுகளுக்கு அடிப்பகுதி சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் ஒரு திறந்தவெளிப் பட்டறையில் இருக்கிறாள். படகு தலைக்கு மேலே நிற்கும், சுற்றிலும் வானம். போன வசந்தத்தில் ஓய்வு பெற்ற கர்டிஸ் தன் சின்னப் படகை இழுத்துக்கொண்டு அங்கே வந்தான். அவளைப் பார்த்துத் திரும்பிப் போகப் பார்த்து, பிறகு வண்டியிலிருந்து இறங்கினான்.

“அடியில எங்கயோ தண்ணி ஏறுது. பாத்துச் சொல்லு.”

வெர்லீன் மல்லாந்து படகுக்கடியில் போய்ச் சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தாள். “இங்க ரெண்டு பலகை போச்சு. பின்னாடி விசிறித் தண்டு பக்கத்துல இன்னும் பாக்கல. பாத்துட்டுத்தான் சொல்லுவேன்.”

“அவசரமில்ல” என்று அவன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் ஒரு சிகரெட்டை முடிப்பதற்குள் அவள் தண்டுப் பக்கம் ஊர்ந்து போய்விட்டிருந்தாள்.